செயற்கை இதயம்: இன்னும் எத்தனை கன்றுகளைப் பலி கொடுப்பது?

தென்னங்கீற்று:
1981-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு கன்று செயற்கை இதயத்தோடு 268 நாள் வாழ்ந்தது. நெஞ்சிலிருந்து காற்றுக் குழாய்கள் வெளியே வந்து இயந்திரத்தோடு இணைந்திருக்க, கொட்டடியில் வாழ்ந்தது. அதற்கு ஓர் ஆங்கிலக் கவிஞரின் பெயர் வேறு! மறு ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி அங்கேயே பார்னி கிளார்க் என்ற பல் மருத்துவருக்கு ஜார்விக்-7 என்ற செயற்கை இதயத்தைப் பொருத்தினார்கள். வலிப்பு வந்தது, வால்வு உடைந்தது, 112 நாளில் இறந்துபோனார். அடுத்து வந்த வில்லியம் ஷ்ரோடர் 620 நாள் இருந்தார் என்றாலும் பக்கவாதம் அவரை முடக்கிப்போட்டது. இத்தனை கன்றுகளை அறுத்துக் கண்ட பலன் இதுதானா?

பழைய கம்பவுண்டர்:
அந்தக் கன்றுக்குள் இருந்தது ஜார்விக்-5. மனித மார்புக்கு ஏற்ற அளவில் செய்ததுதான் 7. இரண்டையும் ஒன்றாக்கி வழக்காடுவது சரியில்லை, தம்பி. கன்று சொன்னதைக் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1969 ஏப்ரலைப் பாருங்கள். ஹூஸ்டனில் டென்டன் கூலி என்ற அறுவை மருத்துவர், ஹாஸ்கெல் கார்ப் என்ற நோயாளிக்குச் செயற்கை இதயம் பொருத்தினார்; மனிதருக்கு வைத்தது அதுதான் முதல். அந்தக் கருவியை வைத்த கன்றுகள் இரண்டு நாள்கூடத் தாங்கியிருக்கவில்லை. கார்ப் 64 மணி நேரம் அதோடு இருந்தார். பிறகு மாற்று இதயம் வைத்தும் பிழைக்கவில்லை. கன்று தெளிவாகத்தான் சொன்னது, கேட்கத்தான் ஆளில்லை.

தென்னங்கீற்று:
உங்கள் வாதமே என் பக்கம் நிற்கிறதே, ஐயா! கேட்காதவர்களிடம் எத்தனை கன்றுகள் சொல்லி என்ன பயன்?

நாடித்துடிப்பு:
மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன், குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. சோதனைக் கன்று திடமான இளம் உயிர். நோயாளியோ பல ஆண்டு இதயம் பழுதாகி, சிறுநீரகமும் நுரையீரலும் நலிந்து, வேறு வழியில்லாமல் மேசைக்கு வருபவர். போதாக்குறைக்கு, கன்று நாளுக்கு நாள் வளர்கிறது. சில மாதங்களில் அந்த உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை அந்தப் பம்பால் தள்ள முடிவதில்லை, சோதனை அதோடு முடிகிறது. ஐந்தாண்டு ஓடுமா என்று எந்தக் கன்றும் சொல்லாது. இன்னொன்று, மனிதருக்குப் பேச்சு குழறினால் வீட்டார் உடனே கண்டுகொள்வார்கள். கன்றுக்குச் சின்னப் பக்கவாதம் வந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்?

பழைய கம்பவுண்டர்:
கண்டுபிடிக்கிறார்கள், அம்மா. சோதனை முடிந்ததும் சிறுநீரகத்தை வெட்டிப் பார்ப்பார்கள். பம்பிலிருந்து கிளம்பிய ரத்தக் கட்டி அங்கே போய் அடைத்திருந்தால் அந்த இடம் செத்து வெளிறித் தழும்பாகக் கிடக்கும். பக்கவாதத்தை உண்டாக்கும் கட்டியும் அதே பம்பிலிருந்துதான் வருகிறது. ஆய்வகத்தில் குழாய்ச் சுற்று அமைத்து, திரவத்தை நிரப்பிப் பம்பை ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். எந்தப் பாகம் தேய்கிறது என்பது அதில் தெரியும். அந்தத் திரவம் உறையாது, அதற்குத் தொற்றும் வராது. உயிருள்ள உடம்பு வேண்டியிருப்பது இந்த இரண்டுக்காகத்தான்.

நாடித்துடிப்பு:
சிறுநீரகத் தழும்பு எனக்குத் தெரியாத செய்தி, நன்றி. வளர்ச்சி பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது.

பழைய கம்பவுண்டர்:
அதற்குத்தான் வளர்ந்த செம்மறியாட்டை எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியர் டேனியல் டிம்ஸ் உருவாக்கிய பைவாகோர் என்ற செயற்கை இதயத்தை ஆடுகளிலும் கன்றுகளிலும் பார்த்தார்கள். உள்ளே காந்தப் புலத்தில் மிதந்து சுழலும் ஒரே ஒரு வட்டு. வால்வு கிடையாது, எதோடும் உரசாது. அதைச் சுமந்த கன்று நடைப்பொறியில் நடந்தது. நடக்கும்போது உடம்பு கூடுதல் ரத்தம் கேட்கும், கருவி கொடுக்கிறதா என்று பார்க்கத்தான் அது. 2024 ஜூலையில் ஹூஸ்டனில் முதல் மனிதருக்கு வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் சிட்னியில் பொருத்திக்கொண்டவர் அதோடு மருத்துவமனையை விட்டு வெளியே போய், நூறு நாளுக்கு மேல் இருந்து, மாற்று இதயம் பெற்றார்.

தென்னங்கீற்று:
மகிழ்ச்சிதான். அவர் பிழைத்ததற்குக் காரணம் அந்த வட்டா, கன்றா? 1957-இல் கிளீவ்லாந்தில் கோல்ஃப், அகுட்சு என்ற ஆய்வாளர்கள் ஒரு நாய்க்குச் செயற்கை இதயம் வைத்தார்கள், ஒன்றரை மணி நேரம் ஓடியது. அன்றைக்கு வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். இன்று ரத்த ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடுகிறோம், தானமாகக் கிடைத்த மனித ரத்தத்தையே குழாய்ச் சுற்றில் ஓட்டி அணுக்கள் எவ்வளவு சிதைகின்றன என்று பார்க்கிறோம். கன்றுகளின் எண்ணிக்கையையாவது குறைக்கக் கூடாதா?

பழைய கம்பவுண்டர்:
குறைப்பதற்கு நான் எதிரி இல்லை. சுற்றில் ஓடும் ரத்தம் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். மூன்றாவது மாதம் கட்டி பிடிக்குமா என்பதை எதில் பார்ப்பீர்கள்? அதைச் சொல்லுங்கள், மேலே பேசலாம்.