‘டியூ ரு யூ’ என்றால் எங்களால் வந்த தொகையா, எங்களுக்கு வரவேண்டிய தொகையா?

கேள்வி (விசுவமடுவிலிருந்து)

வணக்கம். காலபோக நெல்லை எங்களிடம் வாங்கிய ஒரு நிறுவனம் அப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறது. ‘டியூ’ என்ற சொல் அதில் நான்கு இடங்களில் வருவதால், கடிதம் பணம் தருவதாகச் சொல்கிறதா, பணம் கேட்கிறதா என்று வீட்டில் எவராலும் தீர்மானிக்க முடியவில்லை. முதல் வரியில் ‘தி அமவுண்ட் டியூ ரு யூ’ என்று எழுதி ஒரு தொகை போடப்பட்டுள்ளது. அடுத்த வரியில் அத்தொகை ‘டியூ ரு பி பெய்ட்’ என்று ஒரு திகதி இருக்கிறது. அதன் கீழே ‘டியூ ரு மொய்ஸ்சர்’ என்று ஒரு கழிவு காட்டப்பட்டிருக்கிறது. மிகுதி ‘இன் டியூ கோர்ஸ்’ என்று கடிதம் முடிகிறது.

கைத்தொலைபேசி அகராதியில் பார்த்தால் ‘உரிய, செலுத்தவேண்டிய, தகுந்த, காரணமாக’ என்று வரிசையாகக் கொடுத்திருக்கிறார்களே தவிர, எந்த இடத்தில் எது பொருந்தும் என்று சொல்லவில்லை. அயல்வீட்டு அண்ணா, ‘டியூ ரு’ என்றால் ‘காரணமாக’ என்றே பாடசாலையில் படித்ததாகவும், எனவே முதல் வரி ‘உங்கள் காரணமாக ஏற்பட்ட தொகை’, அதாவது தண்டப்பணம் என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அப்பா மூடைகளுக்கு எழுதித் தந்த சிட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறார். தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி (முள்ளியவளை, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்)

பிள்ளை, முதலில் அப்பாவிடம் சிட்டைகளை மடித்து வைக்கச் சொல்லுங்கள். அது தண்டப்பணம் அல்ல. அவருக்குச் சேரவேண்டிய பணம். முதல் வரியை ‘உங்களுக்குச் செலுத்தவேண்டிய தொகை’ என்று வாசிக்க வேண்டும்.

அயல்வீட்டுத் தம்பி படித்ததும் பிழையன்று, ஆனால் அது பாதிதான். ‘டியூ ரு’ என்ற இணைப்புக்கு ஆங்கிலத்தில் மூன்று வேலைகள் உண்டு. உங்கள் கடிதத்தை எழுதியவர் அந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். பணத்தையோ மரியாதையையோ நன்றியையோ சொல்லி, அதன் பின்னால் ‘டியூ ரு’ வந்து, அதற்கும் பின்னால் ஓர் ஆள் வந்தால், அந்த ஆளுக்கு அது சேரவேண்டும் என்பது பொருள். ‘டியூ ரு’ வுக்குப் பின்னால் ஒரு வினைச்சொல் வந்தால், அச்செயல் குறித்த நேரத்தில் நடக்க இருக்கிறது என்பது பொருள். ‘டியூ ரு பி பெய்ட்’ என்பது அந்தத் திகதியில் பணம் கொடுபட இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. மழை, வெள்ளம், தாமதம், ஈரப்பதன் போன்ற ஒரு நிலைமை பின்னால் வந்தால் மட்டுமே ‘காரணமாக’ என்று கொள்ள வேண்டும். ஆகவே மூன்றாவது வரி, நெல்லில் ஈரம் கூடியிருந்த காரணத்தால் கழித்த தொகை. உலர்ந்த நெல்லுக்கு 14 வீத ஈரப்பதனையே அளவாகக் கொள்வது வழக்கம் என்பதால், உங்கள் நெல் அளக்கப்பட்டபோது என்ன வீதம் காட்டியது என்று கேட்டறிவது நல்லது. சொல்லின் பொருளைவிட அங்கேதான் உங்கள் பணம் இருக்கிறது.

இத்தனை பொருள் ஒரு சொல்லுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், அதன் வேர் ஒன்றே. இலத்தீனில் ‘கடன்பட்டிருத்தல்’ என்ற பொருளுடைய ‘தெபேரே’ என்னும் வினை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது; கடனைக் குறிக்கும் ‘டெற்’, கடமையைக் குறிக்கும் ‘டியூற்றி’ ஆகியவையும் அதே வேரில் பிறந்தவை. நம்மிடமும் கடனும் கடமையும் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்திக்கடன் வைத்தவரை எவரும் கடன்காரர் என்று ஏசுவதில்லை. வைகாசிப் பொங்கல் வரும்போது அதை அவர் நிறைவேற்ற வேண்டும், அவ்வளவுதான். ‘டியூ’ என்ற சொல்லிலும் சேரவேண்டியது என்பதும் அதற்கென ஒரு வேளை உண்டு என்பதும் ஒன்றாகவே இருக்கின்றன. குற்றம் என்ற பொருள் அதில் இல்லை.

‘இன் டியூ கோர்ஸ்’ என்றால் ‘உரிய காலத்தில்’. அலுவலகக் கடிதங்களில் இதைக் கண்டால் மகிழ்ச்சியடைய வேண்டியதில்லை. திகதி சொல்ல விரும்பாதவர்கள் மரியாதையாக எழுதும் தொடர் இது.

மறுமொழி (கிளிநொச்சி, கணக்குப் பகுதியில் பணிபுரிபவர்)

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் கருமபீடத்துக்கு வருபவர்களில் பலர் ‘டியூ’ என்று கண்டதுமே தவணை தவறிவிட்டது என்று பதறுகிறார்கள். உழவு இயந்திரத்துக்கு லீசிங் எடுத்தவருக்கு வரும் குறுஞ்செய்தியில் ‘டியூ டேற்’ என்று இருந்தால், அது பணம் கட்டவேண்டிய நாள். அந்நாள் இன்னும் வராமலும் இருக்கலாம். அந்நாள் கடந்தும் கட்டாவிட்டால்தான் ‘ஓவர்டியூ’. அவ்வாறு கட்டாமல் சேர்ந்துபோன பழைய நிலுவையை ‘அரியர்ஸ்’ என்று எழுதுவார்கள். மூன்றாவது சொல்லைக் கண்டால் உடனே வந்து கேளுங்கள். முதலாவதைக் கண்டால் நாளைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

பட்டியல்களில் ‘ரோட்டல் டியூ’ என்றிருந்தால் அது செலுத்தவேண்டிய மொத்தம். அதற்குள் சென்ற மாத மிகுதி சேர்ந்திருக்கிறதா என்பதை அந்தச் சொல்லைக் கொண்டு அறிய முடியாது. மேலே உள்ள வரிகளைப் பார்த்தே அறிய வேண்டும்.

இடைக்கேள்வி (வவுனியாவிலிருந்து)

என் மகன் கட்டுரையில் ‘வெள்ளம் காரணமாகப் பாடசாலை மூடப்பட்டது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டியூ ரு’ என்று தொடங்கியதை ஆசிரியை வெட்டிவிட்டார். அது பிழையா, ஐயா?

மறுமொழி (முள்ளியவளை)

பழைய இலக்கணப்படி வெட்டியது சரி. ‘டியூ’ என்பது பெயரடை என்பதால் ஒரு பெயர்ச்சொல்லோடுதான் ஒட்ட வேண்டும் என்பது அந்த மரபு. ‘மூடப்பட்டமை வெள்ளத்தால் விளைந்தது’ என்ற அமைப்பில், அதாவது ‘கோஸ்ட் பை’ என்று மாற்றி வைத்தாலும் வசனம் நிற்குமிடத்தில், ‘டியூ ரு’ எழுதலாம். ‘மூடப்பட்டது’ என்ற வினைக்குக் காரணம் சொல்லும்போது ‘பிகோஸ் ஒவ்’ அல்லது ‘ஓவிங் ரு’ என்று எழுத வேண்டும். இன்று ஆங்கிலம் பேசுவோரில் பெரும்பாலானோர் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, செய்தித்தாள்களிலும் தாராளமாக வருகிறது. என்னைக் கேட்டால், பரீட்சை எழுதும் பிள்ளை ‘பிகோஸ் ஒவ்’ என்றே எழுதட்டும். அதை எவரும் வெட்டமாட்டார்கள்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியர் ‘டியூ’ என்றோ ஏறக்குறைய ‘ஜூ’ என்றோ ஒலிப்பார்கள், அமெரிக்கர் ‘டூ’ என்பார்கள். பனித்துளியைக் குறிக்கும் சொல்லும் இதே ஒலிதான், எழுத்து வேறு.

கேள்வி கேட்டவர் (விசுவமடு)

ஐயாவுக்கும் கிளிநொச்சி அக்காவுக்கும் நன்றி. கடிதத்தை அப்பாவுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினேன். ஈரப்பதன் வீதம் சிட்டைகளில் எழுதப்படவில்லை என்று அப்பாவே கண்டுபிடித்தார். அத்துடன், பணம் கொடுபடுவதாகச் சொன்ன திகதியும் கடந்துவிட்டது. ஆகவே பதில் எழுத விரும்புகிறோம். ‘யூ ஆர் டியூ ரு மை ஃபாதர்’ என்று தொடங்கினால் சரியா?

மறுமொழி (முள்ளியவளை)

வேண்டாம், பிள்ளை. அப்படி எழுதினால் அவர்களையே உங்கள் அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதுபோல் ஆகிவிடும். சேரவேண்டியது ஆள் அல்ல, தொகை. எனவே தொகையை முன்னால் வையுங்கள். ‘தி அமவுண்ட் டியூ ரு மை ஃபாதர் இஸ் நவ் ஓவர்டியூ’ என்று எழுதினால், என் தந்தைக்குச் சேரவேண்டிய தொகை தவணை கடந்துவிட்டது என்று ஒரே வரியில் முடிந்துவிடும். யாரிடமிருந்து வரவேண்டும் என்பதையும் சொல்ல விரும்பினால் ‘டியூ ஃப்ரம்’ என்று சேர்த்துக் கொடுப்பவரின் பெயரைப் போடலாம். ஆனால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. கிளிநொச்சியில் கிளை வைத்து நெல் வாங்குபவருக்குத் தமிழ்க் கடிதம் வாசிக்க ஆளில்லாமலா போகும்?

மறுமொழி (கிளிநொச்சி)

தங்கச்சி, தமிழில் எழுதினாலும் அவர்களுடைய கடிதத்தின் திகதியையும் தொடர் இலக்கத்தையும் மேலே குறிப்பிட்டு, ‘உங்கள் கடிதத்தில் எமக்குச் செலுத்தவேண்டியதாக நீங்கள் ஏற்றுக்கொண்ட தொகை’ என்று தொடங்குங்கள். ‘டியூ ரு யூ’ என்று அவர்களே எழுதி ஒப்பமிட்டிருப்பதால், தொகை இல்லை என்று பின்னர் மறுப்பது கடினம். ஈரப்பதன் கழிவுக்கு அளவீட்டுச் சான்று கேட்பதை இரண்டாவது பந்தியில் தனியாக வையுங்கள். முதல் பந்தியோடு கலந்தால், கழிவு தீரும்வரை முழுத்தொகையையும் நிறுத்திவைக்க அதுவே அவர்களுக்குச் சாட்டாகிவிடும். மூலக் கடிதத்தைக் கொடுத்துவிடாமல் நிழற்படப் பிரதியை மட்டும் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.