ஜெபத்துல உள்ள கேக்குறது கர்த்தரோட சத்தமா, என் மனசா?

நாசரேத்_பொண்ணு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். துபாய்ல நர்ஸ் வேலை வந்திருக்கு, அம்மாவுக்கு சுகர், கூட நான் மட்டும்தான் இருக்கேன். அதிகாலை ஜெபத்துல ஒரு நாள் போன்னு உள்ள ஒண்ணு சொல்லுது, மறுநாளே அம்மாவ விட்டுட்டு எங்க போறன்னு கேக்குது. ஜெபக்குழுவுல ஒரு அக்கா, கர்த்தர் உன்ன போகச் சொல்றாரு, தரிசனத்துல பாத்தேன்ங்கிறாங்க. எனக்கு தெளிவே இல்ல. நீங்கல்லாம் எப்படி கண்டுபிடிக்கிறீங்க?

சாராள்_டீச்சர்:
தங்கச்சி, பயப்படாத. பைபிள்ல வர்ற சாமுவேல் ஆலயத்துலயே படுத்துக் கெடந்த பிள்ள, அவனுக்கே கூப்பிடுறது யாருன்னு தெரியாம மூணு தடவ ஆசாரியர் ஏலிகிட்ட எந்திரிச்சு ஓடுறான், அந்தப் பெரியவர் சொல்லிக்குடுத்த பிறகுதான் "சொல்லும்; அடியேன் கேட்கிறேன்"னு பதில் சொல்றான். உன்னையும் உன் வீட்டையும் நல்லா தெரிஞ்ச ஒரு மூத்தவங்ககிட்ட உக்காந்து பேசு. நான் என்ன பண்ணுவேன்னா விண்ணப்பமெல்லாம் சொல்லி முடிச்சதும் எந்திரிக்காம ஒரு சங்கீதத்த மெதுவா வாசிச்சிட்டு சும்மா இருப்பேன், ஃபோன் அடுத்த ரூம்ல கெடக்கும். மனசுல வர்றத தேதி போட்டு நோட்ல எழுதிருவேன். கொஞ்ச நாள் கழிச்சு புரட்டுனா எது திரும்பத் திரும்ப வருது, எது அன்னைக்கு இருந்த பயத்துல வந்ததுன்னு பிரிஞ்சு தெரியும்.

திண்டுக்கல்_சவரி:
நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்). இயேசு சபைய ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியார் 1521ல ஸ்பெயின்ல பம்ப்லோனா சண்டையில குண்டடிபட்டு கால் உடைஞ்சு படுத்துக் கெடந்தப்ப, வீரசாகசம் பத்தி கனவு கண்டா அந்த நேரம் நல்லா இருக்கும், பிறகு மனசு வறண்டு போகும், புனிதர்கள் மாதிரி வாழ்ந்தா என்னன்னு நினைச்சா அந்த சந்தோஷம் அப்புறமும் தங்கும், இத கவனிச்சவரு அவரு. நீங்களும் சில நாள் போறதா முடிவு பண்ணிட்டவங்க மாதிரியே இருந்து பாருங்க, பிறகு சில நாள் போகலங்கிற மாதிரி. எதுல சமாதானம் தங்குதுன்னு பாருங்க. மனசு இருட்டா இருக்குற நேரத்துல, ஏற்கனவே எடுத்த முடிவ மாத்தாதீங்க, அதுவும் அவர் சொன்னதுதான்.

பெத்தேல்_பிரதர்:
அந்த அக்கா சொன்னத பத்தி யாருமே பேசலியே. நான் பெந்தெகொஸ்தே, தீர்க்கதரிசனத்த முழுசா நம்புறவன், அதனாலதான் சொல்றேன், ஒருத்தர் சொன்னா மத்தவங்க நிதானிக்கணும்னு 1 கொரிந்தியர் 14:29லயே இருக்கு. அப்போஸ்தலர் 21 வாசிங்க சிஸ்டர். செசரியாவுல அகபுங்கிற தீர்க்கதரிசி பவுலோட கச்சைய (இடுப்புப் பட்டைய) எடுத்து தன் கைகாலையே கட்டிக்கிட்டு, எருசலேம்ல உங்கள இப்படி கட்டுவாங்கன்னு சொல்றாரு. என்ன நடக்கும்னுதான் சொன்னாரு, போ போகாதேன்னு சொல்லல. மத்தவங்க அழுது தடுக்கிறாங்க, ஆனா போறதுன்னு முடிவெடுத்தது பவுல்தான். அந்த அக்காமேல கோவம் வேணாம், ஆனா அவங்க தரிசனத்த மட்டும் வச்சு பெட்டியக் கட்டாதீங்க.

நாசரேத்_பொண்ணு:
நன்றி எல்லாருக்கும். கண்ண மூடி பைபிள திறந்து விரல் வைக்கிற இடத்துல வர்ற வசனத்த எடுத்துக்கலாமா? எங்க பக்கம் நிறைய பேர் பண்றாங்க.

சாராள்_டீச்சர்:
வேணாம்மா. அது சீட்டு குலுக்குற மாதிரி ஆயிரும். ஒரே புஸ்தகத்த வரிசையா வாசி, முன்னபின்ன சேத்துப் படிச்சாதான் வசனம் யாருக்கு எதுக்கு சொன்னதுன்னு புரியும். அம்மாகிட்ட மனசுவிட்டுக் கேளு, அவங்களும் ஜெபிக்கிறவங்கதானே. சுகர் மாத்திரைய பாத்துக் குடுக்க ஆள் யாரு, கான்ட்ராக்ட் எவ்வளவு காலம், லீவு எப்ப, எல்லாத்தையும் விசாரி, கர்த்தர் அது வழியாவும் பேசுவாரு. ஆஃபருக்கு எப்ப பதில் சொல்லணும்? தேதிய சொல்லு, அதுவரைக்கும் நானும் உனக்காக ஜெபிக்கிறேன்.