நல்லா வளர்ந்த குட்டிதான் போச்சு

எங்கள் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், வெள்ளகோவில் பக்கம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம். மேச்சேரி இனச் செம்மறி ஆடு முப்பது நிற்கிறது. மழைக்காலத்தில் பெரிய ஆட்டுக்குப் புல்லே போதும். கோடையில் மரத்தடியில் உதிரும் வேலங்காய் கைகொடுக்கும். குட்டிக்குத்தான் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதக் கிடாக்குட்டி ஒன்று, பட்டியிலேயே பெரியது. என்னைப் பார்த்தால் ஓடிவந்து கையை முட்டும். தினமும் ஒரு பிடி மக்காச்சோளக் குருணை கொடுப்பேன். ஐப்பசி மழையில் மேயவிட முடியாத ஒருநாள், பாவமே என்று வட்டலோடு வைத்துவிட்டேன். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. மடியில் தூக்கி வைத்தேன், அப்படியே அடங்கிவிட்டது. வாய் ஓரத்தில் இன்னும் குருணை ஒட்டியிருந்தது.

அறுத்துப் பார்த்த மருத்துவர் துள்ளுமாரி நோய் என்றார். அதைக் கொடுக்கிற கிருமி எப்போதும் குடலில் கொஞ்சம் இருக்குமாம். தானியம் திடீரென்று நிறைய உள்ளே போனால் அது பெருகி நஞ்சைக் கக்கிவிடும். அதனால்தான் நோஞ்சான் குட்டியை விட்டுவிட்டு, நன்றாகத் தின்கிற குட்டியை அடிக்கிறது. தடுப்பூசி போட்டிருந்தால் பிழைத்திருக்கும். சின்னக் குட்டிதானே என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

"வயித்துக்கு எதையும் பழக்கித்தான் கொடுக்கோணும் கண்ணு" என்று அப்பாரு சொல்வார். இப்போது அதே மாதிரிதான். பட்டி ஓரத்தில் படல் கட்டி, குட்டி மட்டும் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டிருக்கிறேன். பத்து கிலோ கலவைக்கு மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப் புண்ணாக்கு 3 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம், சாதா உப்பு 100 கிராம், மிச்சமெல்லாம் தவிடு. பதினைந்தாம் நாள் ஒரு சிட்டிகை நக்கப் பழக்குவேன். ஒரு மாதக் குட்டிக்குத் தினமும் 50 கிராம், மூன்று மாதக் குட்டிக்கு 100 கிராம். அதற்கு மேல் எவ்வளவு கத்தினாலும் கொடுப்பதில்லை. அப்புறம், சினை ஆட்டுக்குக் குட்டி போட ஒரு மாதம் இருக்கும்போதே துள்ளுமாரித் தடுப்பூசி போட்டுவிடுகிறேன், சீம்பாலோடு எதிர்ப்புச் சக்தி குட்டிக்கும் போய்ச் சேரும். குட்டிக்கு மூன்று மாதம் முடிந்ததும் ஒரு ஊசி, அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொன்று.

போன ஐப்பசியில் பதினோரு குட்டி இருந்தது. பதினொன்றும் நிற்கிறது.