வசனம் கேட்கவில்லை, சண்டை வந்தால் ஜன்னல் அதிர்கிறது: 5.1 செட்டிங் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஹாலில் 5.1 ஸ்பீக்கர் செட் (ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர்) மாட்டி மூன்று மாதம் ஆகிறது, இன்னும் ஒரு படத்தைக்கூட ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க முடியவில்லை. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், வசனத்துக்காக வால்யூமை 45 வரை ஏற்றுவேன், அடுத்த காட்சியில் குண்டு வெடித்தால் ஷோகேஸ் கண்ணாடி கடகடவென ஆடும், தூங்குகிற குழந்தை எழுந்து அழும், பதறிப்போய் 25க்கு இறக்குவேன்.

வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும் என்று படித்து அதை மட்டும் 3 டெசிபல் கூட்டினேன், சப்வூஃபரை 4 குறைத்தேன். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ஆண் குரல் குடத்துக்குள் பேசுவது மாதிரி கேட்கிறது. சென்டர் ஸ்பீக்கர் டிவி ஸ்டாண்டின் உள் தட்டில், விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே இருக்கிறது, அதனால் இருக்குமோ? முன்னால் இழுத்து, காது பக்கம் லேசாகச் சாய்த்து வைத்தால் சரியாகுமா?

நைட் மோடு போட்டால் சத்த வித்தியாசம் குறைகிறது, ஆனால் பாட்டில் உயிரே இல்லை. இன்னொன்று, டிவி ஸ்டீரியோவாக மட்டும் அனுப்பினால் சென்டருக்குத் தனியாக வசனம் போகாதாமே, டிவியின் ஒலி செட்டிங்கில் பிட்ஸ்ட்ரீம் (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) வைக்க வேண்டுமா, பி.சி.எம். (டிவியே பிரித்து அனுப்புவது) வைக்க வேண்டுமா?

அம்மா சப்டைட்டில் படிக்க மாட்டார், குரல் கேட்டுத்தான் ரசிப்பார். இதைச் சரிசெய்தவர்கள் உங்கள் அளவுகளைச் சொன்னால் இன்று இரவே மாற்றிப் பார்க்கிறேன்.