மிச்சமிருக்கிற பழைய மருந்துகள் தடிமன் காய்ச்சலுக்கு உதவுமா?

கரவெட்டி மகள்:
அம்மாவுக்கு 67 வயது, சீனி வருத்தமும் இருக்கிறது. போன கிழமையிலிருந்து தடிமன், இருமல், உடம்பு உளைவு. வைரஸ் காய்ச்சல் என்று டொக்டர் பனடோல் மட்டும் எழுதினார். 2024 மார்கழியில் வடமராட்சியில் எலிக்காய்ச்சல் பரவியபோது வயலுக்குப் போகிற அப்பாவுக்குக் கொடுத்த டொக்சிசைக்கிளின் கப்சூல் அலுமாரியில் மிச்சம் கிடக்கிறது. ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பா, புழுக்களுக்கும் ஒட்டுண்ணிகளுக்கும் கொடுக்கிற ஐவர்மெக்டின் மருந்தை எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இங்கே ஒரு மருந்துக்கடையில், "கொரோனாவுக்கே கொடுத்தது" என்று சொல்லி டெக்சாமெதசோன் குளிசை தந்துவிட்டார்கள். இன்னும் கொடுக்கவில்லை. கொரோனா நேரம் பழைய மருந்துகள் உயிர் காத்தது உண்மைதானே? அப்படியென்றால் வீட்டில் கொடுத்தால் என்ன?

வல்வைத் தம்பி:
அக்கா, சீனி வருத்தக்காரருக்கு டெக்சாவா? தயவுசெய்து கொடுக்காதேங்கோ.

மருந்தாளர் அண்ணை:
தங்கச்சி, தம்பி சொன்னது சரி. டெக்சாமெதசோன் வைரசைக் கொல்கிற மருந்தே இல்லை. 1950களின் கடைசியில் வந்த ஸ்டீரொயிட் அது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதுதான் அதன் வேலை. 2020 இல் பிரித்தானியாவில் நடந்த ரிக்கவரி என்ற ஆய்வில், ஆஸ்பத்திரியில் இருந்த கொரோனா நோயாளிகளுக்கு நாளுக்கு 6 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 41.4 சதவீதம் பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். இந்த மருந்தும் சேர்ந்தவர்களில் அது 29.3. மலிவான ஒரு குளிசையால் இவ்வளவு உயிர் மிஞ்சியது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கடையில் யாரும் சொல்லாத மறுபாதி ஒன்று இருக்கிறது. அதே ஆய்வில் ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. இறப்பு 14.0 சதவீதத்துக்கு எதிரே 17.8 ஆக, கூடாத பக்கம்தான் சாய்ந்து நின்றது. காரணம் விளங்கக்கூடியதுதான். முதல் நாட்களில் வைரஸ் பெருகும். அப்போது எதிர்ப்புச் சக்திதான் நமக்குத் துணை. பிறகு சிலருக்கு அந்தச் சக்தியே கட்டுமீறி நுரையீரலைத் தாக்கும். டெக்சா வேலை செய்வது அந்த இரண்டாம் கட்டத்தில். உங்கள் அம்மா அங்கே இல்லை. அதோடு அது சீனியை விறுவிறுவென்று ஏற்றிவிடும்.

டொக்சிசைக்கிளின் எலிக்காய்ச்சலுக்குச் சரி, அந்த நோய் பக்டீரியாவால் வருவது. அந்த மருந்துக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு என்பதால் கொரோனாவுக்கும் உதவுமா என்று பிரித்தானியாவில் வீட்டிலிருந்த நோயாளிகளிடம் சோதித்தார்கள். குணமாகும் காலம் குறையவில்லை.

சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ஐவர்மெக்டின் கதை 2020 இல் அவுஸ்திரேலியாவில், ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் தொடங்கியது. அங்கே வைரஸ் குறைந்தது உண்மை. ஆனால் தட்டில் ஊற்றிய செறிவு, வழக்கமான அளவில் விழுங்கினால் இரத்தத்தில் சேருவதைவிடப் பல மடங்கு அதிகம். 2022 இல் பிறேசிலில் 1,358 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை குறையவில்லை. தட்டில் வென்றதெல்லாம் நெஞ்சுக்குள் வெல்லாது.

கரவெட்டி மகள்:
நன்றி அண்ணை. பிறகு ஏன் பழைய மருந்துகளையே தேடுகிறார்கள்?

மருந்தாளர் அண்ணை:
தேடத்தான் வேண்டும். புது மருந்துக்குப் பல வருடம் பிடிக்கும். பழையதென்றால் எந்த அளவு தாங்கும், யாருக்கு ஆகாது என்று முன்பே தெரியும், தயாரிக்கத் தொழிற்சாலையும் இருக்கும். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் டொசிலிசுமாப், பரிசிட்டினிப் இரண்டும் கடுமையான கொரோனாவில் உண்மையாகவே உயிர் காத்தன. மறுபக்கமாகவும் நடந்திருக்கிறது: அமன்டடின் இன்ஃபுளுவென்சாவுக்கு வந்த மருந்து. அதைக் குடித்த ஒரு பார்க்கின்சன் நோயாளிக்கு நடுக்கம் குறைந்ததை 1960களின் கடைசியில் கவனித்தார்கள். இன்றைக்கு அதன் வேலை பார்க்கின்சனில்தான். இன்ஃபுளுவென்சா அதற்கு மசிவதில்லை. ஆகவே பழைய மருந்தைச் சோதிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சோதனை முடிய முன்னமே கடை மேசைக்கு மேலால் எடுத்து நீட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நல்லூர் மாமி:
பிள்ளை, எனக்குத் தொய்வு. நான் இழுக்கிற பியூடெசொனைட்டும் ஸ்டீரொயிட் தானே? தடிமன் வந்தால் நிற்பாட்டவா?

மருந்தாளர் அண்ணை:
வேண்டாம் மாமி, டொக்டர் சொன்னபடியே இழுங்கோ. அது பெரும்பாலும் நுரையீரலோடு நிற்கும், குளிசை மாதிரி உடம்பு முழுக்கப் போகாது. கொரோனா வந்த வயதானவர்கள் அதை இழுத்தபோது ஏறக்குறைய மூன்று நாள் முந்திக் குணமானார்கள் என்று பிரித்தானிய ஆய்வு ஒன்று காட்டியது. இழுத்த பிறகு வாய் கொப்பளியுங்கோ.

தங்கச்சி, அம்மாவுக்குச் சீனியைக் காலையும் மாலையும் பாருங்கள். காய்ச்சல் கிடக்கும்போது அது தானாகவே ஏறும். மூச்சு வாங்கினால், சாப்பாடு இறங்காவிட்டால், பேச்சுத் தடுமாறினால், விரலில் மாட்டுகிற மீற்றரில் ஒட்சிசன் 94க்குக் கீழே போனால் விடியும் வரைக்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கரவெட்டி மகள்:
சரி அண்ணை. இப்போது பார்த்தேன், சீனி 190, ஒட்சிசன் 97. டெக்சாவைக் கடையில் திருப்பிக் கொடுக்கிறேன். சித்தப்பாவுக்கு உங்கள் பதிலை அப்படியே அனுப்பிவிட்டேன்.