சுஜாதா வாசிப்பு: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

வெள்ளவத்தை வாசகி:
சுஜாதாவின் ‘ஆ’ நாவலை வாசித்தவர்களுக்குக் கதையைச் சொல்லத் தேவையில்லை. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பொடியன், தலைக்குள் ஒரு குரல், எல்லா அத்தியாயமும் ‘ஆ’ என்றே முடியும். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த காலம். அக்கா ஒருவர் மருதானைப் பழைய புத்தகக் கடையில் எடுத்த பிரதியை இரவல் தந்தார். 100ஆம் இலக்க பஸ்ஸில் யன்னலோரம் இருந்து வாசித்துக்கொண்டு வந்தேன். பம்பலப்பிட்டியில் பக்கத்தைத் திருப்பினால், குரல் பேசும் இடத்துக்கு நேரே, ஓரத்தில் நீலப் பேனையால் ‘எனக்கும்’ என்று எழுதியிருந்தது. அழுத்தி எழுதிய எழுத்து. தாளின் மறுபக்கத்தைத் தடவினால் விரலில் தட்டுப்பட்டது. புத்தகம் முழுக்கத் தேடினேன், வேறு ஒரு கோடு கூட இல்லை. அக்காவின் கையெழுத்தும் இல்லை. கதை எப்படி முடிந்தது என்பதே எனக்கு இப்போது மங்கிவிட்டது. அந்த ஒரு சொல்லை எழுதியவருக்கு என்ன ஆனதோ என்பதுதான் இன்றும் மனதைக் குடைகிறது.

தெஹிவளை ரவி:
யாரோ பொழுதுபோகாமல் எழுதியிருப்பார்கள், தங்கச்சி. எனக்கு ‘கொலையுதிர் காலம்’தான். வாசித்து முடித்த இரவு மாடிப்படியில் இறங்கக் கால் வரவில்லை. ஆனால் அதைப் பேய்க்கதை என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை. சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியர், இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு உள்ளவர். ஒளியால் உருவம் காட்டும் ஹோலோகிராமை அங்கே சும்மாவா கொண்டுவந்தார்? கதையில் வக்கீல் கணேஷ் எல்லாம் விஞ்ஞானம் என்பான், ஜூனியர் வசந்த் பேய் என்பான். கணேஷ் சொல்வதுதான் சரி. வசந்த் பக்கம் நிற்பவர்கள் மறுபடி வாசிக்க வேண்டும்.

கல்கிசை நர்ஸ்:
ரவி அண்ணா, ‘பொழுதுபோகாமல்’ என்று தள்ளிவிடாதீர்கள். வார்டில் ஒரு பிள்ளை என் கையைப் பிடித்து, “மிஸ், உங்களுக்குக் கேட்கவில்லையா?” என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பிடியை நான் மறக்கவில்லை. என் அனுபவம் அவ்வளவுதான்.
ஆனால் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது குரல் கேட்கிறது என்றால் முதலில் வாதாடாதீர்கள். “அப்படி ஒன்றும் இல்லை, சும்மா இரு” என்றால் அடுத்த தடவை அவர்கள் சொல்லவே மாட்டார்கள். என்ன கேட்கிறது, எப்போது கேட்கிறது, பயமாக இருக்கிறதா என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறதா என்பதையும் நேரடியாகவே கேளுங்கள், அப்படியென்றால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நித்திரை குறைந்தாலும், கடும் காய்ச்சலிலும், நெருங்கியவர் இறந்த துக்கத்திலும் கூடக் குரல் கேட்கலாம், அதனால் நீங்களே ஒரு நோயின் பெயரைச் சூட்ட வேண்டாம். நேர்த்திக்கடன், தாயத்து எல்லாம் உங்கள் விருப்பம், ஆனால் டாக்டரை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். அந்த நிறுவனம் இருக்கும் அங்கொடை என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிற பழக்கம் எங்கள் சனத்திடம் இன்னும் இருக்கிறது. அதனால் எத்தனையோ பேர் வருத்தம் முற்றிய பிறகுதான் வருகிறார்கள்.

கொட்டாஞ்சேனை அப்பா:
நான் வேறு பக்கம் போகிறேன். மகளுக்கு இரவில் ‘பூக்குட்டி’ வாசித்தேன். அதே சுஜாதா குழந்தைகளுக்கு எழுதிய நாய்க்குட்டிக் கதை. பாதியில் மகள் பக்கத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டாள். “நாய்க்குட்டிக்கு ஒன்றும் நடக்காது என்று சொல்லுங்கோ, அப்புறம் திருப்புங்கோ.” நான் சொல்லும்வரை கையை எடுக்கவில்லை. மறுநாள் அலுமாரியில் ‘நைலான் கயிறு’ என்ற கொலைக்கதையின் முதுகில் அதே பெயரைப் பார்த்துவிட்டு, இவரும் அவரும் ஒரே ஆளா என்று கேட்டாள். ஆம் என்றேன். நம்பவில்லை. ஒரே மேசையில் இருந்து ஒருவர் இரண்டையும் எழுதினார் என்பது எனக்குமே ஆச்சரியம்தான். அடுத்து ஜீனோ என்ற ரோபோ நாய் வரும் ‘என் இனிய இயந்திரா’ கொடுக்கலாம் என்று இருக்கிறேன், அதுவும் பிள்ளைகள் கதைதானே.

பம்பலப்பிட்டி பிரியா:
அண்ணா, ‘என் இனிய இயந்திரா’ பிள்ளைகள் கதை இல்லை! ரோபோ நாய் வருவதால் எல்லோரும் அப்படி நினைக்கிறார்கள். குழந்தை பெறுவதற்கே அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டிய நாடு அது. கதாநாயகி நிலாவின் புருஷன் காணாமல் போகிறான், பதில் சொல்ல ஆளில்லை. எத்தனையோ பேர் காணாமல் போன எங்கள் ஊரில் அந்தப் பகுதியைச் சும்மா தாண்டிப் போக முடியுமா? ஆனந்த விகடனில் வந்தபோது பெரியவர்கள்தான் வாரா வாரம் காத்திருந்து வாசித்தார்கள்.
2022 மார்ச் கடைசியில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நேரத்தில், ஃபோன் வெளிச்சத்தில் அதைத் தம்பிக்கு வாசித்தேன். கதை நடப்பதும் 2020களில்தான். வேர்த்து ஒழுக ஒழுகக் கேட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று, “அக்கா, ஜீனோவுக்கு எங்கே சார்ஜ் போடுவார்கள்?” என்றான். அவன் முகத்தில் உண்மையான கவலை. ஃபோனில் எங்களுக்கு மிச்சம் 9 சதவீதம்.
மகளுக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் கூட இருந்து வாசியுங்கள். நிலா தேடி அலையும் பகுதியில் தம்பி கேட்ட கேள்விகளுக்கு அம்மாவையும் கூப்பிட வேண்டியதாயிற்று.