வெள்ளைக் கவசமும் அத்தையின் இஞ்சு டேப்பும்

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், கிழக்கு லண்டனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகள், பாத்திரக் கடையில் அடுக்கிய கிண்ணங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரனின் கவசம் அது. துளை இல்லை, பட்டை இல்லை, செய்முறைத் தாளும் இல்லை. ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் வெட்டி எறிய வேண்டிய உபரிப் பிளாஸ்டிக் ஒரு சாண் அகலத்துக்கு நீண்டிருந்தது. பத்து வயதிலிருந்து மனத்தில் இருந்த ஆசை அது. நாற்பத்திரண்டு வயதில் கைக்கு வந்தது.

அப்போதுதான் என் மாமியார் திருப்பூரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருபது வருடங்களுக்கு மேல் நின்றவர். பிறகு வீட்டிலேயே ரவிக்கை தைத்தவர். தரையில் பரப்பிய துண்டுகளை அவர் சற்று நேரம் பார்த்தார். மார்புத் தகட்டைக் கையில் எடுத்து ஒரு திருப்பு திருப்பினார். "இது யாருடைய அளவு, கண்ணு?" என்று கேட்டார்.

இந்தக் கவசத்தைப் பற்றி நான் எத்தனையோ படித்திருக்கிறேன். ஒருவரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அதற்கு உண்மையான பதில் ஒன்று இருக்கிறது. 1976-ல் பிரையன் மியூர் என்ற சிற்பி இந்தக் கவசத்தைக் களிமண்ணில் செதுக்கினார். இதே நகரத்தின் மேற்குக் கோடியில், ட்விக்கன்ஹாமில் இருந்த ஒரு பட்டறையில் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின்மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வார்த்தார்கள். எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளத்தில் உயரமான, ஒல்லியான ஆண்கள் அதை அணிந்தார்கள். இன்று ஆர்வலர்களுக்குக் கிடைக்கும் நல்ல அச்சுகள் பலவும் அந்தக் கவசங்களின் வழி வந்தவைதான். நான் ஐந்தடி மூன்று அங்குலம். இரண்டு பிள்ளைகள் பெற்றவள். ஐம்பது வருடங்களுக்கு முன் யாருக்கோ செய்த அளவுச்சட்டை என் கையில் இருந்தது.

கவசம் செய்ய நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். இதை ஒட்டு வேலை என்று நினைத்து இறங்காதீர்கள். இது தையல் வேலை. துணிக்குப் பதில் பிளாஸ்டிக், அவ்வளவே வித்தியாசம்.

இதை நான் ஒரு துண்டைக் கெடுத்த பிறகுதான் கற்றேன். கை, கால் கவசங்கள் எல்லாம் இரண்டு பாதிகளாக வரும். முன்கையைச் சுற்றி அவை குழாய்போல் சேர வேண்டும். எனக்கு அந்தக் குழாய் மிகவும் பெரிது. முதல் வாரத்து அவசரத்தில் ஒரு பாதியின் ஓரத்தில் மட்டும் இரண்டு சென்டிமீட்டரை எடுத்துவிட்டேன். சேர்த்துப் பார்த்தால் நடுவில் ஓட வேண்டிய இணைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கி, கையே முறுக்கிக்கொண்டதுபோல் தெரிந்தது. அத்தை கோபிக்கவில்லை. "எடுப்பதை இரண்டு பக்கமும் சமமாக எடுக்க வேண்டும் கண்ணு. ரவிக்கையில் ஒரு பக்கத் தையலை மட்டும் பிடித்தால் பின்கழுத்து இழுக்காதா?" என்றார். துணி என்றால் உள்ளே அரை அங்குலம் விட்டிருப்போம், பிரித்துக்கொள்ளலாம். வெட்டிய பிளாஸ்டிக் திரும்பி வராது. அந்த முன்கைக்கு மாற்றுத் துண்டு வரவழைக்க ஐந்து வாரம் காத்திருந்தேன்.

அதன் பிறகு அத்தை சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. உள்ளே அணியும் கருப்பு உடையைப் போட்டுக்கொண்டுதான் அளவு எடுக்க வேண்டும் என்றார்; வெறும் கையில் எடுத்த அளவு அரை சென்டிமீட்டர் ஏமாற்றும். பாதிகளை மாஸ்கிங் டேப்பால் மட்டும் சேர்த்து மூன்று வாரம் போட்டுப் பார்த்தோம். அதை அவர் ஓட்டுத்தையல் என்றார். டேப்போடு கையை மடக்கினேன், பாத்திரம் கழுவினேன், மாடிப்படி ஏறினேன். ஏறும்போதுதான் தொடைக் கவசத்தின் மேல் விளிம்பு இடுப்பில் குத்துவது தெரிந்தது. தொடைக் கவசத்தின் கீழ் விளிம்பில் ஒரு புடைப்பு வரம்பு ஓடுகிறது. அதைத் தொடக் கூடாது. உயரம் குறைந்தவர்கள் மேல்பக்கத்தில்தான் எடுக்க வேண்டும். நான் நான்கு தடவையாக, ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை மட்டும் எடுத்தேன்.

வெட்டும் முறை எளிது. கத்தியால் கோட்டின்மேல் இரண்டு மூன்று முறை லேசாகக் கீறிவிட்டு, கீறலை வெளிப்பக்கமாக வைத்து மெல்ல மடக்கினால் ஏபிஎஸ் என்ற இந்தப் பிளாஸ்டிக் பட்டென்று அந்தக் கோட்டிலேயே ஒடிகிறது. வளைவுகளுக்கு மட்டும் வளைந்த கத்தரிக்கோல்.

பசை விஷயத்தில் எல்லாரும் இ-6000 என்கிறார்கள். நானும் அதையே சொல்கிறேன், ஆனால் காரணத்தோடு. கரைத்து ஒட்டும் பிளாஸ்டிக் சிமெண்ட் இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. உடனே ஒட்டும் சூப்பர் பசை கண்ணாடிபோல் இறுகி, ஒரு தட்டுக்கு உடைந்துவிடும். இ-6000 ரப்பர்போல் காய்கிறது. தப்பாக ஒட்டினாலும் பொறுமையாக இழுத்தால் உரிந்து வரும். முழுதாக இறுக மூன்று நாள் வரை ஆகும். பிப்ரவரிக் குளிரில் எங்கள் வீட்டில் அதற்கும் மேல் ஆனது. அதன் நெடி தலையைச் சுற்றும். ஜன்னலைத் திறக்காமல் தொடாதீர்கள். இரண்டு பாதிகள் முட்டும் இடத்தின்மேல் மூடுபட்டை ஒட்ட வேண்டும். கைக்கு 15 மில்லிமீட்டர் அகலம், காலின் முன்புறத்துக்கு 20, பின்புறத்துக்கு 25. காயும்வரை காந்தங்களை உள்ளும் வெளியுமாக வைத்துப் பிடித்தோம். சாப்பாட்டு மேசையில் ஒரு மாதம் காந்தம் ஒட்டிய கைகளும் கால்களும்தான் இருந்தன; நாங்கள் சோபாவில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

கணைக்கால் கவசத்துக்கு வேறு வைத்தியம். பின்பக்கம் வெல்க்ரோவால் மூட வேண்டிய இடத்தில் இரண்டு ஓரமும் விலகி நின்றன. இழுத்து மூடினால் நாள் முழுவதும் வெல்க்ரோவோடு மல்லுக்கட்ட வேண்டும். பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தடித்த கையுறையோடு ஓரத்தை மட்டும் அரை நிமிடம் முக்கி, எடுத்த கையோடு உள்நோக்கி வளைத்து, குளிர்ந்த நீரில் பிடித்தோம். ஏபிஎஸ் இளகுவது ஏறக்குறைய நூறு பாகை வெப்பத்தில். கொதிநீர் அதன் வாசலிலேயே நிற்பதால் பிளாஸ்டிக் பணிகிறது, உருகுவதில்லை. சூட்டுக் காற்றுத் துப்பாக்கியில் அந்தக் காவல் கிடையாது. கண் இமைப்பதற்குள் குமிழி கிளம்பிவிடும்.

பட்டைகள் முழுக்க அத்தையின் ராஜ்ஜியம். மார்பையும் முதுகையும் தோளில் சேர்ப்பதற்கும், வயிற்றுத் தகட்டைத் தொங்கவிடுவதற்கும், தொடையை இடுப்புப் பட்டியிலிருந்து பிடிப்பதற்கும் நைலான் பட்டையும் எலாஸ்டிக்கும் டிச் பட்டனும் வேண்டும். நான் எல்லாவற்றையும் இறுக்கமாக வைக்கச் சொன்னேன். அவர் என்னை மூச்சை நன்றாக இழுக்கச் சொல்லிவிட்டு அளந்தார். "நின்ற அளவு வேறு, மூச்சு விட்ட அளவு வேறு. எலாஸ்டிக்கை மூச்சுக்கு வை, நைலானை எடைக்கு வை" என்றார். இதைவிடச் சுருக்கமாக இந்த வேலையை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

இடையில் ஒரு விரிசல். மே மாதம், முழு உடையையும் முதன்முதலாகப் போட்டுவிட்டு, கீழே விழுந்த கையுறையை எடுக்கக் குனிந்தேன். வயிற்றுத் தகட்டின் கீழ் மூலையில், வளைவு ஆழமாகும் இடத்தில், முறுக்கு ஒடிவதுபோல் ஒரு சத்தம். விரல் நீளத்துக்குக் கோடு விழுந்துவிட்டது. உண்மையாகச் சொல்கிறேன், தரையில் உட்காரவும் முடியாத அந்த உடையில் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

அதற்கு மருந்து குப்பைக்கூடையிலேயே இருந்தது. வெட்டி எறிந்த வெள்ளைத் துணுக்குகளைக் கண்ணாடிச் சீசாவில் போட்டு, அவை மூழ்க அசிட்டோன் ஊற்றி இறுக மூடி வைத்தால் மறுநாள் கரைந்து கூழாகிறது. நான் முதலில் தண்ணீராக வைத்துவிட்டேன். அத்தை மூடியைத் திறந்து குச்சியால் தூக்கிப் பார்த்தார். "களி கிண்டும் பதத்துக்கு முந்தின பதம் வேண்டும்" என்று இன்னும் துணுக்குப் போடச் சொன்னார். விரிசலுக்குப் பின்பக்கம் ஒரு பட்டையை ஒட்டிவிட்டு, முன்பக்கத்தில் அந்தக் கூழை மெல்லிய பூச்சாகப் பூசினேன். அசிட்டோன் பறக்கப் பறக்கக் கூழ் உள்வாங்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பூச்சு வீதம் நான்கு பூச்சு. பிறகு 400, 800, 1500 என்று வரவர மென்மையான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து மெருகேற்றினேன். இப்போது விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் அந்த இடத்தில் ஒரு நிழல் தெரியும்.

ஹெல்மெட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். 2011-ல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் இந்த ஹெல்மெட் சட்டத்தின் கண்ணில் சிற்பம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. பதிப்புரிமை வழக்கில் அதற்குத் தக்க காரணங்கள் உண்டு. அதன் கன்னத்து வளைவை மூன்று ராத்திரி கையால் தேய்த்தவளுக்கு அது சிற்பம்தான். இடமும் வலமும் ஒன்றுபோல் இல்லாத முகம் அது. அதைச் சரிசெய்ய முயலாதீர்கள், அந்தக் கோணல்தான் அதன் உயிர்.

ஜூன் கடைசியில் அத்தை ஊருக்குத் திரும்பினார். அவர் புறப்பட்ட அதே வாரத்தில் 501ஆம் லீஜியனின் பிரிட்டன் பிரிவுக்கு என் புகைப்படங்களை அனுப்பினேன். 1997-ல் அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் தொடங்கிய, ஸ்டார் வார்ஸ் உடை அணியும் ரசிகர்களின் தன்னார்வ அமைப்பு அது. கவசம் படத்தில் உள்ளதுபோல் இருக்கிறதா என்று நுணுக்கமாகப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். இடுப்புப் பட்டியில் தொங்கும் பெட்டிகளைப் பட்டியின் நுனிக்கு நேராக நகர்த்தச் சொன்னார்கள். நகர்த்தினேன், சேர்த்துக்கொண்டார்கள். விழாக்களுக்குக் கவசத்தோடு போவதற்குக் காசு வாங்குவதில்லை; தர விரும்புபவர்களைத் தொண்டு நிறுவனத்துக்குத் தரச் சொல்கிறோம்.

ஆகஸ்ட் மாதம், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்கு நிதி திரட்டும் விழாவில் முதல் தடவையாக வெளியில் நின்றேன். ஹெல்மெட்டுக்குள் உலகம் இரண்டு பச்சை ஜன்னல்கள். சொந்தக் கால் தெரியாது. இடுப்பு உயரக் குழந்தை அருகில் வந்தாலும் தெரியாது. அதனால் கூடவே ஒரு துணையாள் வேண்டும். என் கணவர்தான் நின்றார். "இடது பக்கம் ஒரு பாப்பா, அசையாதே" என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு சிறு விசிறிகள் உள்ளே ஓடியும் நாற்பது நிமிடத்தில் உடை நனைந்துவிட்டது. முழங்காலின் பின்புறம் கவசம் கடித்துச் சிவந்திருந்தது.

நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு சிறுமி என் கையுறையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள் அம்மா மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் போனாள். நான் மறக்காமல் வைத்திருப்பது ஒரு பெரியவரை. எழுபதைத் தாண்டியவர். புகைப்படம் கேட்கவில்லை. அனுமதி கேட்டுவிட்டு, வளைந்த விரல் முட்டியால் மார்புத் தகட்டின் நடுவில் தட்டினார்; பிறகு ஓரத்தில் தட்டினார்; பிறகு காதை அருகில் கொண்டுவந்து வயிற்றுத் தகட்டின் மூலையில் தட்டினார். முப்பது வருடங்கள் குளிர்பதனப் பெட்டிகளின் உள்கூட்டை வார்க்கும் தொழிற்சாலையில் இருந்தவராம். அதுவும் இதே முறைதான்: சூடான தகடு, அச்சு, உறிஞ்சும் காற்று. அச்சில் எங்கே ஆழம் அதிகமோ அங்கே தகடு அதிகமாக இழுபட்டு மெலிகிறது, எனவே மூலைகள்தான் முதலில் போகும் என்றார். பிறகு நான் ஒட்டிய இடத்தின்மேல் சரியாக விரலை வைத்து, "இங்கே உடைந்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "எல்லா மூலைகளுக்கும் உள்ளே ஒரு பட்டை கொடுத்துவிடு, உடையும்வரை காத்திருக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே எஞ்சிய தகட்டில் பதினோரு பட்டைகள் வெட்டி உள்ளே ஒட்டினேன்.

அன்று இரவு வீடியோ அழைப்பில் அத்தையிடம் முழு உடையோடு நின்று காட்டினேன். திரும்பச் சொன்னார். நடக்கச் சொன்னார். கையை உயர்த்தச் சொன்னார். போனை அருகே வைத்துப் பார்த்திருப்பார்போல, திரையில் அவர் கண்ணாடி மட்டும் தெரிந்தது.

"வலது தொடை பின்னால் ஒரு விரல் தொங்குகிறது பார். எலாஸ்டிக் தளர்ந்திருக்கும். அவிழ்த்ததும் முதலில் அதை மாற்று கண்ணு" என்றார்.